பாரமான சாம்பல்

நான் வேலை பார்த்த சுகாதார அலுவலகத்துக்கு அண்மையில் ஒரு கருவி இரவலாக வந்தது. சுவரில் துளைபோடும் மெசின் போல இருக்கும். அதன் மூக்கை மண்ணில் வைத்து விசையை அழுத்தினால், அந்த மண்ணில் என்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் வந்துவிடுகிறது. இளையவர்கள் அதை எனக்குக் காட்டவென்றே கூப்பிட்டிருந்தார்கள். முற்றத்து மண், மேசைக்கால், என் செருப்பு என்று அகப்பட்டதையெல்லாம் சோதித்துப் பார்த்தோம். செருப்பு சுத்தமாக இருந்தது.

நான் கிளம்பும்போது ஒருவர் கேட்டார்: "அண்ணை, இது இல்லாத காலத்திலை அந்தக் கீரைத்தோட்டத்து ஈயத்தை எப்பிடிப் பிடிச்சனீங்கள்? டொக்டர் மண்ணை நாக்கிலை வைச்சுப் பாத்தவ எண்டு சொல்லினம், உண்மையோ?"

உண்மையில்லை. எங்கள் டொக்டர் அப்படியான வேடிக்கை செய்கிறவர் அல்ல. கதை அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் சுகாதாரப் பரிசோதகர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஊர் வாயில் பி.எச்.ஐ., ஆவதற்கு முன்னர் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் இருந்தேன். முதலில் பிழை திருத்தினேன். பிறகு செய்தி எழுதினேன். போரால் வந்த இடப்பெயர்வோடு அச்சகம் பூட்டப்பட்டது. போட்டிப் பரீட்சை எழுதி, களுத்துறையில் பயிற்சி பெற்று, வடமராட்சிக்கு நியமனமாகி வந்தேன். பயிற்சியில் கிணறு, இறைச்சி, நுளம்பு, மலசலகூடம் எல்லாம் படிப்பித்தார்கள். பத்திரிகையில் படித்தது ஒன்றுதான். ஆளிடம் கேட்பதற்கு முன் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். ஆள் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு இடமும் அவர் சொன்னது போலவே தெரியத் தொடங்கிவிடும்.

எங்கள் சுகாதார வைத்திய அதிகாரியும் இதே பழக்கம் உள்ளவர். ஒல்லியான பெண்மணி, உரத்துப் பேசமாட்டார். எந்த அறிக்கையைக் கொண்டுபோனாலும் முதலில் கேட்பது, "கண்டதோ, கேட்டதோ?" என்பதுதான். நான் வந்த புதிதில், ஒரு தேநீர்க்கடைக் குசினியில் எலி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

"எலியைக் கண்டனீங்களோ?"

"இல்லை, டொக்டர். எலிப் புழுக்கையைக் கண்டனான்."

"அப்ப புழுக்கை எண்டு எழுதுங்கோ. எலியை நான் நினைச்சுக்கொள்ளுவன்."

'இருக்கலாம்', 'போலத் தெரிகிறது' போன்ற சொற்களை அவர் சிவப்பு மையால் வெட்டுவார். பத்திரிகை ஆசிரியரிடம் வெட்டு வாங்கிப் பழகியவனாதலால் எனக்கு அது உறைக்கவில்லை. மற்றவர்களுக்கு உறைத்தது. அவருக்குக் கீழே வேலை செய்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

இனி அந்தக் கீரைத்தோட்டம்.

உடுப்பிட்டிக்கு வடக்கே, தோட்டக்காணிகள் முடிந்து பனங்காணிகள் தொடங்கும் இடத்தில் ஒரு பங்குக் கிணறு இருக்கிறது. அதில் தவராசாவுக்கும் சிவபாதத்துக்கும் சரிபாதி. ஒருவர் ஒருநாள், மற்றவர் மறுநாள் என்று முறைவைத்து இறைப்பார்கள். சிவபாதம் வெங்காயச் செய்கைக்காரர். பூச்சிநாசினியை எங்கள் பகுதியில் மருந்து என்றுதான் சொல்வார்கள். சிவபாதம் மருந்தைக் குறையாமல் அடிப்பார். தவராசா அதற்கு நேரெதிர். அவருடைய தமையன் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது தோட்டத்திலேயே மயங்கி விழுந்து, ஆசுப்பத்திரியில் கிடந்து மீண்டவர். அன்றிலிருந்து தவராசா மருந்தும் வாங்குவதில்லை, இரசாயனப் பசளையும் வாங்குவதில்லை. மாட்டெருவும் சாம்பலும்தான். கீரை மட்டும் போட்டார். மருந்தடிக்காத கீரை என்று பருத்தித்துறையிலிருந்துகூட ஆட்கள் தேடி வந்து வாங்கினார்கள்.

தவராசாவின் கடைசி மகள் தர்சினிக்கு அப்போது நான்கு வயது. அந்தப் பிள்ளைக்குச் சில மாதங்களாக வயிற்று நோ. முகம் வெளிறிக்கொண்டே போனது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தாயிற்று, இரும்புச்சத்துப் பாணி கொடுத்தாயிற்று, குணமில்லை. சிவபாதம் அடிக்கிற மருந்து கிணற்றுக்குள் இறங்கித்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிறது என்று ஒழுங்கை, தெரு எல்லாம் பேச்சு. ஒருநாள் காலை அயலவர்கள் திரண்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். கிணற்றைப் பூட்ட வேண்டும், சிவபாதத்தின் மேல் வழக்குப் போட வேண்டும் என்றார்கள். பின்னாலேயே சிவபாதமும் வந்து சேர்ந்தார்.

"நானும் உந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறன்! எனக்கேன் வயித்துக்குத்து வரேல்லை?" என்றார்.

"உனக்கு வராது. நீ மருந்துக்கே மருந்து," என்றார் கூட்டத்திலிருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். தவராசா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி நின்றார்.

டொக்டர் வெளியே வந்தார். "கிணத்துக்கை மருந்து இறங்கினதை ஆர் கண்டது?" என்று கேட்டார். "அப்ப முதல் தண்ணியைப் பாப்பம். பேந்து ஆளைப் பாப்பம்."

கூட்டம் போனபிறகு என்னிடம் சொன்னார்: "உவர் கணக்கில்லாமல் மருந்தடிக்கிறது எனக்கும் பிடிக்காது. அதைப் பற்றி வேறையாக் கதைப்பம். பிடிக்காத ஆள் எண்டதுக்காக அவரிலை பழியைப் போடேலாது."

அன்றே தண்ணீர் எடுத்தேன். தண்ணீர் எடுப்பதில் பலரும் அவசரப்படுவார்கள். தண்ணீர் இறைக்கும் மெசினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் நின்ற பழைய நீர் போனபிறகுதான் போத்தலைப் பிடிக்க வேண்டும். போத்தலின் வாயிலும் மூடியின் உட்பக்கத்திலும் விரல் படக்கூடாது. மூடியை நிலத்தில் வைக்கவும் கூடாது. சிவபாதம், தவராசா இருவரையும் பக்கத்தில் நிற்கவைத்தே எடுத்தேன். பிறகு ஒருவரும் 'அவன் தண்ணியை மாத்திப்போட்டான்' என்று சொல்ல முடியாது. முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. எங்கள் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இருப்பது போல பசளையின் நைத்திரேற்று கூடுதலாக இருந்தது. குடிக்க வேறு கிணற்றைப் பாவிக்கச் சொன்னோம். ஆனால் அது இந்தப் பிள்ளையின் வயிற்று நோவை விளக்கவில்லை. தேடிய மருந்து எதுவும் அதில் இல்லை.

அதற்கிடையில் பிள்ளைக்கு நோய் கூடிவிட்டது. தாய் சுகந்தி கிளினிக்குக்குக் கொண்டுவந்தா. "முந்தி முழுப் பாட்டும் பாடுவாள், டொக்டர். இப்ப முதல் வரியோடை நிண்டுபோறாள். பேர் கேட்டாலும் என்ரை முகத்தைப் பாக்கிறாள். தெரிஞ்சதெல்லாம் மறக்குது," என்று சொல்லி அழுதா.

டொக்டர் பிள்ளையின் கண்மடலை இழுத்துப் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி பல் முரசைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஈயமா இருக்கலாம்," என்றார். அவர் வாயிலிருந்து 'இருக்கலாம்' வந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பிள்ளையின் இரத்தம் கொழும்புக்குப் போனது. முடிவு வரும்வரை டொக்டர் காத்திருக்கவில்லை. "ஈயம் எண்டு வந்தால், உடம்பிலை இருக்கிறதை மருந்து குடுத்து இறக்கலாம். ஆனா திரும்ப அதே இடத்துக்குத்தானே பிள்ளை போகும்? அது எங்கையிருந்து வருது எண்டு தெரியாமல் சிகிச்சை முடிஞ்ச பிள்ளையை வீட்டை அனுப்பேலாது. மறந்தது திரும்பி வருமோ எண்டதுக்கு இப்ப என்னட்டைப் பதில் இல்லை. இனியும் பிள்ளை மறக்காமல் பாக்கிறது உங்கடை வேலை," என்று என்னிடம் சொன்னார்.

வீட்டை முழுக்கப் பார்த்தேன். ஈயம் வரக்கூடிய இடங்கள் என்று படித்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். சுவரில் பழைய பெயின்ற் இல்லை, வெறும் சுண்ணாம்பு. விளையாட்டுச் சாமான் என்று இரண்டு சிரட்டையும் ஒரு துணிப்பொம்மையும். கண்மை வீட்டில் செய்தது. சமையல் பாத்திரத்தில் ஈயப்பூச்சு இல்லை. பழைய பற்றறி ஏதும் வீட்டில் கிடக்கவில்லை. ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் காலை திரும்பவும் போனேன். ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றடித் தொட்டிக்கட்டில் ஏறி இருந்தேன். தவராசா மண்வெட்டியால் வாய்க்காலை மறித்துப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்.

"என்ன பி.எச்.ஐ., இண்டைக்கு வேலை இல்லையோ?" என்றார்.

"இதுதான் வேலை."

"உப்பிடி ஒரு வேலை எனக்கும் எடுத்துத் தாங்கோவன்."

வெயில் ஏறுவதற்கு முன், இலையில் பனி ஈரம் இருக்கும்போதே, கீரைக்குச் சாம்பல் தூவுவது எங்கள் வழக்கம். இலையில் சாம்பல் ஒட்டியிருந்தால் பூச்சி அண்டாது. தர்சினி ஒரு பால்மாப் பேணியோடு வந்தாள். அடியில் ஆணியால் ஓட்டை போட்ட தகரப் பேணி. அதுதான் அந்தப் பிள்ளையின் வேலையும் விளையாட்டும். பாத்தி பாத்தியாக நடந்து பேணியைக் குலுக்கினாள். முழங்கை வரை சாம்பல். இடையில் வாயைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டாள்.

நான் பார்த்தது சாம்பலை. தேங்காய்ப் பொச்சுமட்டைச் சாம்பலும் பனைமட்டைச் சாம்பலும் நான் பிறந்ததிலிருந்து பார்த்தவை. குலுக்கினால் புகைபோல எழும்பும், காற்றுப் போகிற பக்கம் போகும், கண்ணில் விழும். இந்தச் சாம்பலில் ஒரு பங்கு அப்படி எழும்பியது. மற்றப் பங்கு மணல் போல நேராகக் கீழே விழுந்தது. இலையில் பட்ட இடத்தில் இலை சற்றுத் தாழ்ந்தது. எழுந்துபோய்க் கையுறை போட்டு ஒரு சிட்டிகை எடுத்தேன். மஞ்சள் கலந்த தூள். அதற்குள் ஊசிமுனை அளவில் மினுங்கும் மணிகள்.

"உந்தச் சாம்பல் எங்காலை, தவராசா?"

"யோகம் அக்காட்டை. ஆற்றை வீட்டிலை இப்ப அடுப்பு எரியுது, பி.எச்.ஐ.? எல்லாரும் காஸ். சாம்பலுக்கு நான் படுகிற பாடு! அவ ஒருத்திதான் சாக்கு சாக்காத் தாறா, சும்மா."

"அவ என்னத்தை எரிக்கிறா?"

தவராசா மண்வெட்டியை ஊன்றி நின்று என்னைப் பார்த்தார். யோகம் அக்கா என்ன செய்கிறா என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அதையும் கீரையையும் சேர்த்து ஒருவரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

பேணியை வாங்கப் போனேன். தர்சினி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்த நாட்களில் ஒரு சொல்லுக்கே தடுமாறிய பிள்ளை, "என்ரை பேணி!" என்று கத்தினாள். தகப்பன்தான் பறித்துத் தந்தார். சாம்பலோடு சேர்த்து உள்ளே தெரியும் பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டினேன். வேலிப் படலை தாண்டும்வரை அழுகை கேட்டது. தவராசா பிள்ளையின் கைகளைக் கிணற்றடியில் கழுவத் தொடங்கினார். நான் சைக்கிளில் ஏறிய பிறகும் கழுவிக்கொண்டே நின்றார்.

யோகம் அக்கா கடற்கரைப் பக்கத்துக் குடும்பம். கணவரைக் கடல் கொண்டுபோனபிறகு, மீன்வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கும் ஈயக்குண்டு வார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவ. கழித்த பற்றறிகளை உடைத்து, உள்ளேயிருக்கும் தகடுகளைத் தாச்சிச் சட்டியில் உருக்கி, அச்சில் ஊற்றுவா. கரையில் வீடுகள் நெருக்கம் என்பதால் புகைக்குச் சண்டை வந்தது. ஆகவே அடுப்பைத் தாயின் பனங்காணிக்குக் கொண்டுவந்துவிட்டா. அது தவராசாவின் தோட்டத்துக்கு அடுத்த ஒழுங்கை. நான் போனபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உருகிய ஈயத்தின் மேல் மிதந்த கசடை ஓர் அகப்பையால் வழித்து, அடுப்போரம் இருந்த சாம்பலில் தட்டினா. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். பிறகுதான் கதைத்தேன்.

விளங்கியதும் அகப்பையைக் கீழே வைத்தா. "அந்தக் குஞ்சுக்கு என்ரை சாம்பலாலையோ?" என்று கேட்டா. பிறகு, "சும்மாதானே குடுத்தனான்... காசுக்குக்கூட இல்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டா. தண்ணீர் ஊற்றி அடுப்பை அவவே அணைத்தா. யோகம் அக்காவின் இரத்தத்திலும் ஈயம் இருந்தது என்று பின்னர் தெரிந்தது. நாளெல்லாம் வரும் களைப்பை வயதின் களைப்பு என்று நினைத்திருந்தாவாம்.

டொக்டரிடம் சொன்னபோது அவர் கேட்டது வழமையான கேள்வி. "கண்டது," என்றேன். "அடுப்பை மூடுங்கோ. அவவின்ரை சீவியத்தை மூடாதேங்கோ," என்றார். கடற்றொழிலாளர் சங்கத்தோடு அவரே போய்க் கதைத்தார். குண்டுகளை வெளியிலிருந்து எடுப்பது என்றும், கிழிந்த வலை பொத்தும் வேலையை யோகம் அக்காவுக்குக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று.

இரத்த முடிவும் வந்தது. ஈயம்தான். தர்சினி ஆசுப்பத்திரிக்குப் போனாள். ஈயத்தைச் சிறுநீரோடு வெளியேற்றும் மருந்து தொடங்கியது. அந்தக் கீரை வாங்கிய வீடுகளைத் தேடிப்பிடித்து அங்கிருந்த பிள்ளைகளையும் சோதித்தோம். சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு எவருக்கும் ஏறியிருக்கவில்லை.

எனக்கு மண் வேலை இருந்தது. ஒவ்வொரு பாத்தியிலும் பல இடத்தில் மேல்மண்ணை மட்டும் சுரண்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, சுத்தமான தாளில் வட்டமாகப் பரப்பினேன். பரப்பியதை நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட வேண்டும். கைப்பிடி அளவு வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு ஒரு சாண் ஆழத்தில் அதே வேலை. பிறகு சிவபாதத்தின் தோட்டத்தில் அதே வேலை. முடிவு ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. கீரைப் பாத்தியின் மேல்மண்ணில் ஈயம் மிக அதிகம், ஆழத்தில் குறைவு. சிவபாதத்தின் மண் ஈயத்தைப் பொறுத்தவரை சாதாரண மண். ஊரில் எல்லோரும் நம்பி வாங்கிய பாத்தியில் நஞ்சு இருந்தது. எல்லோரும் பழித்த பாத்தியில் அது இல்லை.

இந்த முடிவை யாருக்குச் சொல்வது என்று ஒரு கேள்வி வந்தது. "பழியைச் சொன்ன ஆக்களைத்தான் கூப்பிட வேணும்," என்றார் டொக்டர். அதே அயலவர்கள் கிணற்றடியில் கூடினார்கள். நான் வாசித்தேன். 'மருந்துக்கே மருந்து' என்று சொன்னவர் முன்வரிசையில் நின்று தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நஞ்சான மேல்மண்ணை அகற்ற வேண்டியிருந்தது. ஆழக் குழி வெட்டிப் புதைப்போம் என்றார்கள். டொக்டர் மறுத்துவிட்டார். "கீழை முருகைக் கல்லு. கல்லெல்லாம் பொந்து. இண்டைக்குத் தாட்டால் நாளைக்கு ஆற்றையோ கிணத்துக்கை நிக்கும்." ஆகவே உரப்பைகளில் கட்டினோம். சீமெந்துத் தரையும் கூரையும் உள்ள இடம் வேண்டும். அந்தப் பைகளை வைக்க இடம் என்றதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். கடைசியில் எங்கள் அலுவலகத்தின் பின் அறையை ஒழித்து அடுக்கினோம். பொறுப்பானவர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை மாதக்கணக்காக அந்த அறைப் பூட்டின் திறப்பு என் இடுப்பில் இருந்தது.

வெறுமையான பாத்திகளுக்குப் புது மண் வேண்டும். ஒரு காலை லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டி நிறையச் செம்மண்ணோடு சிவபாதம் வந்து நின்றார். இறங்கவில்லை. மெசினையும் நிற்பாட்டவில்லை.

"என்ரை மண்ணைத்தானே நஞ்சு, நஞ்சு எண்டனியள். இப்ப பி.எச்.ஐ.யே சேட்டிபிக்கற் தந்திட்டார். வேணுமோ, வேண்டாமோ?"

தவராசா படலையைத் திறந்து பிடித்தார். "வேணும், அண்ணை," என்றார்.

"மருந்தடிச்ச மண்."

"தெரியும். நான் தண்ணி விட்டுக் கழுவிப்போடுவன்."

"கழுவு, கழுவு. என்ரை முறையிலை இறைச்சிடாதை," என்றார் சிவபாதம். சொல்லிவிட்டு மண்ணைக் கொட்டினார்.

தர்சினி சிகிச்சை முடிந்து வந்தபோது பாத்திகளில் முளை கண்டிருந்தது. முகத்தில் இரத்தம் ஏறியிருந்தது. வயிற்று நோ நின்றிருந்தது. மறந்தது திரும்புமோ என்று தாய் கேட்டபோது டொக்டர், "பள்ளிக்கூடம் போகத்தான் தெரியும்," என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் ஆறுதலாகச் சேர்க்கவில்லை. பிறகு அவர் ஓய்வு பெற்றுக் கொழும்புக்குப் போனார். சில ஆண்டுகளில் நானும் ஓய்வு பெற்றேன். கிணறு மாறாமல் இருக்கிறது, முறை இறைப்பும் இருக்கிறது.

இதை எழுதத் தொடங்கிய கிழமை டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். "அந்தப் பிள்ளை எப்பிடி?" என்று கேட்டார். நன்றாகப் படிக்கிறாள் என்றேன்.

"கண்டதோ, கேட்டதோ?"

"கேட்டது, டொக்டர்."

"போய்ப் பாருங்கோ."

மறுநாள் பின்னேரம் போனேன். பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு பெரிய பிள்ளை கிணற்றடியில் கீரைப்பிடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நீங்கள்தானே என்ரை பேணியைக் கொண்டுபோன ஆள்?"

"ஓம்."

"அழஅழப் பறிச்சுக்கொண்டு போனியள். இன்னும் திருப்பித் தரேல்லை."

"அது உனக்கு ஞாபகம் இருக்கோ, பிள்ளை?"

"ஏன் இல்லாமல்? நீலப் பேணி. அடியிலை பூப் போலை ஓட்டை. நடுவிலை ஒண்டு, சுத்திவரக் குஞ்சுக் குஞ்சா."

தவராசா நிமிர்ந்தார். "பூவோ? நான் சும்மா ஆணியாலை குத்தினதுதானே," என்றார்.

"உங்களுக்கு மறந்துபோச்சு, அப்பா," என்றாள்.

எனக்கும் அப்படி ஒரு பூ நினைவில் இல்லை. அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போய் மாதிரிகள் வைக்கும் அலுமாரியைத் திறக்கச் சொன்னேன். கட்டிய பை கட்டியபடியே இருந்தது. அவிழ்க்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிறகு அங்கிருந்தே டொக்டருக்கு எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"வீட்டிலை ஆரும் சொல்லிக் குடுத்திருப்பினம்," என்றார்.

"இல்லை, டொக்டர். தகப்பனுக்கே ஞாபகமில்லை."

"பூ எண்டது சரியோ?"

"சரி. பேணி இப்ப என்ரை கையிலை இருக்கு. நடுவிலை ஒண்டு, சுத்திவரச் சின்னன் சின்னனா. பாத்துக்கொண்டுதான் கதைக்கிறன்."